கிள்ளானில் வேண்டாம், ஏர்கோன் அறையில் வேண்டும்

புதிதாக மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தொட்டி, ஃபில்டர், கல், செடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ஹீட்டர் வாங்குவதா வேண்டாமா என்று கேட்பார்கள். மீன் வளர்ப்பைப் பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் பனி விழும் ஊர்க்காரர்கள் செய்தவை. அங்கே ஹீட்டர் இல்லாவிட்டால் வெப்பமண்டல மீன்கள் பிழைக்காது. கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே அபூர்வமாகத்தான் போகும். அதனால் ஊரைப் பார்த்துப் பதில் சொன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் மீன் ஊரில் இல்லை, ஓர் அறையில் இருக்கிறது.

கிள்ளானில் அண்ணன் வீடு தரைவீடு. கூடத்தில் 3 அடித் தொட்டி, அதில் ஏஞ்சல் மீன்கள். ஏர்கோன் கிடையாது, மேலே மின்விசிறி மட்டும். தண்ணீர் காலையில் 27, மாலையில் 29. டிசம்பர், ஜனவரியில் விடாமல் மழை பெய்தால் 25 வரை இறங்கும், அதுவும் மெதுவாக. தொட்டி பெரிதாக இருப்பதால் தண்ணீர் சட்டென்று சூடாவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. கப்பி, மோலி, ஏஞ்சல், நம் தீபகற்பத்துக் காட்டோடைகளிலேயே வாழும் ஹார்லெக்வின் ரஸ்போரா எல்லாவற்றுக்கும் இது போதும். அந்தக் கூடத்தில் ஹீட்டர் வைப்பது வீண் செலவு.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கொண்டோவில் கதை வேறு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, “அக்கா, என் பெட்டா அடியிலேயே படுத்துக் கிடக்கு, சாப்பிடவும் மாட்டேங்குது” என்றாள். போய்ப் பார்த்தேன். 20 லிட்டர் தொட்டி, மூடி இல்லை, ஏர்கோனுக்கு நேர் கீழே மேசையில் இருந்தது.

“ராத்திரி எத்தனையில வைப்பே?”

“பதினெட்டுலக்கா. அப்பதான் தூக்கம் வரும்.”

வெப்பமானியைப் போட்டுவைத்து, விடிந்ததும் ஏர்கோனை அணைப்பதற்கு முன் பார்க்கச் சொன்னேன். 22 காட்டியது. சாயங்காலம் மேற்கு வெயில் சன்னல் வழியாக விழுந்த பிறகு 29. தினமும் 7 டிகிரி ஏறி இறங்கினால் எந்த மீன் தாங்கும்? நிலையான 25 மீனுக்குப் பெரிய துன்பம் இல்லை. இந்த ஊஞ்சலாட்டம்தான் அதன் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும். பெட்டா என்னும் சண்டை மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கிற மீன். நீர்மட்டத்துக்கு மேல் குளிர்காற்று நிற்பது அதற்கு ஆகவே ஆகாது.

தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், மூடி போட்டோம், 25 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி 26இல் வைத்தோம். 28இல் வைக்கவில்லை. 26இல் வைத்தால் பகலில் அது எரியாது. ஏர்கோன் ஓடும் இரவில் மட்டும் வேலை செய்யும். இரவில் 6 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு நாலரை யூனிட்தான். அந்த வாரமே மீன் மேலே வந்து நுரைக்கூடு கட்டியது.

வாட் கணக்கை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். லிட்டருக்கு 1 வாட் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே அரை வாட்டிலிருந்து 1 வாட் வாக்கில் எடுத்தால் தாராளம். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் எரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. சின்னத் தொட்டியில் 100 வாட் போட்டு அது சிக்கினால் விடிவதற்குள் மீன் வெந்துபோகும். தண்ணீர் மாற்றும்போது சுவிட்சை அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்தால் விரிசல் விட்டுவிடும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து போகட்டும். அப்போது வயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

ஏர்கோன் இல்லாத வீட்டிலும் ஹீட்டர் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: வெண்புள்ளி நோய். உப்புத்தூள் ஒட்டியதுபோல் உடம்பிலும் துடுப்பிலும் புள்ளி வரும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, பெருகி, குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் மருந்து கொல்லும். குளிர்ந்த நீரில் இந்தச் சுற்று இழுத்துக்கொண்டே போகும். சூட்டில் சில நாளில் முடிந்துவிடும். அதனால்தான் மெதுவாக, ஒரு நாளைக்கு ஓரிரு டிகிரியாக 30க்கு ஏற்றுகிறோம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், ஒட்டுண்ணி கீழே பெருகிக்கொண்டிருக்கும் நேரம் அது. 28க்குக் கீழே போனால் வாடிப்போகும் டிஸ்கஸ் வளர்ப்பவர்களும் ஹீட்டர் வைத்தே ஆக வேண்டும். கேமரன் மலையில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

மற்றபடி, நம் ஊரில் மீன்களைப் படுத்துவது குளிரைவிடச் சூடுதான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30இல் 7.5தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடும், இருப்பு குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் ஏர்பம்பைப் போடுங்கள். மூடியைத் திறந்து நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது. சூடான நாளில் தீனியைக் குறையுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்.

தரைவீட்டில் இருப்பவர்கள் குழாயையும் கவனிக்க வேண்டும். குளியலறைக் குழாய்க்குக் கூரைக்கடியில் இருக்கும் தொட்டித் தண்ணீர் வரும். பிற்பகல் 3 மணிக்கு அது வெதுவெதுவென்று இருக்கும். பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் குழாய்க்கு நேர்க்குழாய்த் தண்ணீர். தண்ணீர் மாற்ற அதைப் பிடியுங்கள், குளோரின் நீக்கியைக் கலந்து, இரண்டு நீரின் சூட்டையும் அளந்து பார்த்த பிறகு ஊற்றுங்கள். தொட்டிக்கு வெளியே ஒட்டுகிற பட்டை வெப்பமானியை இதற்கு நம்ப முடியாது. அறையின் சூடும் அதில் கலந்துவிடும். சில வெள்ளிக்கே உள்ளே போடும் வெப்பமானி கிடைக்கிறது.

சீனப் பெருநாள் சமயத்தில் தங்க மீன் வாங்குகிறவர்களும் ஹீட்டர் கேட்கிறார்கள். தங்க மீன் குளிர்நீர் மீன், 20 டிகிரியைச் சுற்றி இருந்தால் அதற்குச் சுகம். அந்தக் காசுக்கு நல்ல ஏர்பம்பாக வாங்கி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் தொட்டியை வையுங்கள்.