உக்கலும் களைகொல்லியும்



மரத்திலிருந்து உதிர்ந்த இலை நெடுநாள் இலையாகவே கிடப்பதில்லை. மண்புழுவும் பூஞ்சணமும் பற்றீரியாவும் அதனைச் சிதைத்து முடித்தபின் எஞ்சும் கரிய பொருளையே உக்கல் என்கிறோம். அது பயிருக்கு உணவு என்பதை யாவரும் அறிவர். நிலத்தில் தெளிக்கப்படும் நஞ்சைப் பிடித்து வைக்கும் காவலாளியும் அதுவே என்பதைப் பலர் அறியார்.

ஹம்பேர்க் மக்கள் குடிப்பது எல்பே ஆற்று நீரன்று. 1964 தொடக்கம் இந்நகரின் குடிநீர் முழுவதும் நிலத்தடியிலிருந்தே பெறப்படுகின்றது. ஆகவே மண்ணினூடாக இறங்கும் மழைநீரே காலப்போக்கில் நம் குவளைக்கு வருகின்றது. ஐரோப்பியச் சட்டப்படி ஒரு லீற்றர் குடிநீரில் எந்தவொரு களைகொல்லியும் 0.1 மைக்கிரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் நஞ்சு ஒரு கோடி லீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது!

சோள வயல்களில் ஒருகாலத்தில் பெருமளவு தெளிக்கப்பட்ட அத்திரசீனை எடுத்துக்கொள்வோம். இது நீரை அதிகம் விரும்பாத பொருள். ஒரு லீற்றர் நீரில் சுமார் 33 மில்லிகிராமே கரையும். நீரைவிட உக்கலின் காபன் நிறைந்த பகுதிகளே அதற்கு உவப்பான இடம். அங்கே ஐதரசன் பிணைப்பாலும் வேறு மெல்லிய கவர்ச்சி விசைகளாலும் அது ஒட்டிக்கொள்ளும். ஒரு பொருளின் மேற்பரப்பில் இவ்வாறு ஒட்டுவதைப் புறத்துறிஞ்சல் என்பர். காபன் 1 சதவீதம் உள்ள மண்ணில், ஒரு கிலோ மண் பிடித்திருக்கும் அத்திரசீனும் ஒரு லீற்றர் மண்நீரில் கரைந்திருக்கும் அத்திரசீனும் ஏறத்தாழச் சமம். காபன் 30 சதவீதம் உள்ள சதுப்பு மண்ணிலோ மண்ணின் பங்கு நீரின் பங்கைப்போல் முப்பது மடங்காகும். இதனாலேயே உக்கல் மிகுந்த நிலத்தில் சில களைகொல்லிகள் களையையே கொல்வதில்லை. மண் அவற்றை விட்டுக்கொடுப்பதில்லை.

வட ஜேர்மனியின் மணற்பாங்கான மேட்டு நிலங்களில் நிலைமை வேறு. அங்கு பிடித்து வைக்கும் உக்கல் குறைவு. ஜேர்மனி 1991 இல் அத்திரசீனைத் தடைசெய்தது. ஆயினும் அதுவும் அதன் சிதைவுப் பொருளும் இந்நாட்டு நிலத்தடி நீரில் பல்லாண்டுகளின் பின்னரும் கண்டறியப்பட்டுள்ளன.

எல்லா நஞ்சும் உக்கலையே நாடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊரில் பெற்றோர் நன்கறிந்த கிராமொக்சோனில் உள்ள பரகுவாற் நேரேற்றம் கொண்டது. எதிரேற்றமுள்ள களித் துணிக்கைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனை அருந்தியவர்களுக்கு வைத்தியசாலையில் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துக் கொடுப்பது இதனாலேயே. இலங்கையில் அந்நஞ்சு 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது காலந்தாழ்ந்த முடிவு.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் உக்கல் குறைவு. அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். அதற்குள் நம் கிணற்று நீர். பூவரசங் குழையைத் தோட்டத்தில் தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் மண்ணை வளம்படுத்திய நம் முன்னோர், விளைச்சல் கருதியே அவ்வாறு செய்தனர். அதே குழை கிணற்றுக்கும் காவலாக அமையும் தன்மையது.

இங்கே சிறு தோட்டம் வைத்திருக்கும் பெற்றோர் ஒன்றை நினைவிற்கொள்க. கல் பதித்த நடைபாதையில் உக்கலும் இல்லை, களியும் இல்லை. அங்கு தெளித்த மருந்தை அடுத்த மழை நேரே வடிகாலுக்குக் கொண்டுசெல்லும். சிறப்பு அனுமதியின்றி அவ்விடங்களில் களைகொல்லி தெளிப்பதை ஜேர்மன் சட்டம் தடுப்பது இதற்காகவே. கல்லிடுக்குப் புல்லைக் கத்தியால் சுரண்டி எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

மாணவர்களே, பெற்றோர் உடனிருக்க இதனைச் செய்து பாருங்கள். அடியில் துளையிட்ட இரு குவளைகளில் ஒன்றில் கழுவிய மணலும் மற்றதில் உக்கிய தோட்ட எருவும் நிரப்புக. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தில் சில துளிகளை நீரில் கலந்து, இரண்டிலும் சம அளவாக மெதுவாக ஊற்றுக. மணலினூடாக நீலம் விரைவில் இறங்கும். எருவினூடாக வரும் நீரில் நீலம் அரிது, ஆனால் அது தேநீர் போல் பழுப்பாயிருக்கும். அப்பழுப்பு, நீரில் கரைந்த உக்கல். கரைந்த உக்கலும் நஞ்சைப் பற்றும். பற்றியதை நிறுத்தி வைக்காமல் தன்னோடு சுமந்து செல்லும். காவலாளி சில வேளைகளில் சுமைகாரனாகவும் மாறுவது எவ்வாறு என்பதை அப்பழுப்பு நீரைப் பார்த்தவாறே சிந்தித்து, அடுத்த வகுப்பில் கூறுங்கள்.