வாய் சொன்னது, மனம் பொருந்தியதா?



கொடுக்கல் வாங்கலில் இருவரின் பொருத்தமும் வேண்டும் என்பது சூரா நிஸாவின் 29ஆம் வசனம் தரும் பாடம். பொருத்தம் என்பது வாயால் 'சரி' சொல்வது மட்டும்தானா?

நிர்ப்பந்தத்தில் வந்த 'சரி' பற்றி இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அநியாயமாக நிர்ப்பந்தித்துச் செய்ய வைத்த வியாபாரம் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில், நிர்ப்பந்தம் நீங்கிய பிறகு அவர் விரும்பினால் உறுதி செய்யலாம், இல்லையேல் முறிக்கலாம்.

மிரட்டல் இல்லை, வறுமை மட்டும் இருந்தால்? விஸ்வநத்தத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் பட்டாசு ஆபீஸில் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். பிறகு கூலி குறைந்தாலும், ஓர் அறையில் அனுமதித்ததற்கு மேல் ஆட்களை உட்கார வைத்தாலும், அட்வான்ஸ் வாங்கியவரால் வாய் திறக்க முடிவதில்லை. 'தெரிந்துதானே வந்தார்' என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

டெல்லி ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல், நீதிபதி பகவதி இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு இதற்குப் பதில் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு ஒப்புவது பசியின் நெருக்கடியால்தான். அது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம்.

ஏழையின் சம்மதமே செல்லாது என்பதல்ல இதன் பொருள். அப்படியானால் அவர் பிழைப்பே நடக்காது. அவருடைய தேவையைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஹக்கைக் குறைப்பதுதான் தவறு.

இதை எழுதும்போது நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் படிவம் நினைவுக்கு வந்தது. 'புகைப்படம் வெளியிடச் சம்மதம்' என்று அதில் ஒரு வரி உண்டு. இதுவரை எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு சகோதரி மட்டும் மெதுவாகக் கேட்டார்: "போட்டோ வேண்டாம்னா கடன் கிடைக்குமா பாய்?" எனக்குத் தலை குனிந்தது. அந்தப் படிவத்தை எழுதியவன் நான்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டோம். இனி முதலில் பணம் கையில் சேரும். புகைப்படம் பற்றிப் பிறகுதான் கேட்போம். வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் கடன் கொடுத்தவர்களும் இன்றிரவு தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: அவர் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

பிறர் ஹக்கைப் பேணி நடப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக, ஆமீன்.

– செயலாளர்