கம்பனி எழுதும் கடிதம் யார் பெயருக்கு வரும்?



டவுனுக்குப் போக கொழுந்து லொறியையும் காலை பஸ்ஸையும் நம்பியிருந்த காலம் போய், இன்று அநேகமான லயங்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்கிறது. பிள்ளையை ஸ்கூலில் விடுவதற்கு, அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போவதற்கு, மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு போவதற்கு எல்லாவற்றுக்கும் அதுதான். இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதை வாங்கும்போது நாம் கேட்பது மூன்றே கேள்விகள். விலை எவ்வளவு? லீசிங் மாதம் எவ்வளவு? லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? நாலாவதாக ஒன்று கேட்க வேண்டும்: புக் யார் பெயரில் இருக்கிறது? இந்த முறை நமது பாடம் அதைப் பற்றித்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஒரு தம்பி கைமாறி வந்த பைக் ஒன்றை வாங்கினார். கொஞ்ச நாளில் முன் பிரேக் பிடித்தபடி நிற்கத் தொடங்கியது. தள்ளினால் கனமாக இருக்கும், நாலு வளைவு இறங்கினால் முன் சில்லின் டிஸ்க் கொதிக்கும். கராஜுக்குக் கொண்டு போனார். பேட்டைக் கழற்றி உரசிப் போட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் அதே கதை. மூன்று தடவை காசு கொடுத்தார். ஒரு மழை நாள் காலையில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக் கொண்டு பெக்டரி வளைவில் வரும்போது முன் சில்லு இறுகி இருவரும் விழுந்தார்கள். தம்பிக்குச் சிராய்ப்பு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு உடைந்தது. கொழுந்து எடுக்கிற கை. பிளாஸ்டருடன் ஆறு கிழமை வீட்டில் இருந்தார், ஒரு பேர் இல்லை.

பிறகு டவுனில் ஒரு மெக்கானிக் பைக்கின் செஸி நம்பரை எழுதிக் கொண்டு ஏஜன்டுக்குப் போன் பண்ணிக் கேட்டார். “இது லிஸ்டில் இருக்கிற பைக். பிரேக்கில் உள்ள ஒரு பாட்ஸை இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்று ஒரு வருசத்துக்கு முந்தியே கடிதம் போட்டிருக்கிறோமே” என்று பதில் வந்தது. கடிதம் யாருக்குப் போனது? கம்பளையில் இருந்த முதல் சொந்தக்காரருக்கு. அவர் பைக்கை விற்று மூன்று வருசம். கடிதத்தை வாசித்துவிட்டு லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பைக் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இதைத்தான் ‘மீள அழைத்தல்’ என்கிறோம். கராஜ்காரர்கள் ‘ரீகோல்’ என்பார்கள். ஒரு கம்பனி தான் செய்து விற்ற வாகனத்தில் ஆபத்தான ஒரு குறையைக் கண்டுபிடித்தால், அந்த வாகனங்களைத் திரும்பக் கூப்பிட்டு, செலவைத் தானே ஏற்றுக் கொண்டு சரி செய்து தருவது. பைக்கை முழுதாகத் திருப்பி எடுத்துக் கொள்வார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு சிறு பாகத்தை மாற்றி அன்றைக்கே கையில் தந்து விடுவார்கள்.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்த முறை வலுப்பெற்றது. நமது ரோட்டில் ஓடும் பைக்குகளில் கூடுதலானவை வருகிற இந்தியாவில், முதலில் கம்பனிகள் தாமாக விரும்பிச் செய்து வந்தன. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் அரசாங்கமே கட்டளையிட்டுத் திருப்பி அழைக்க வைக்கலாம் என்று ஆனது.

எப்படிப்பட்ட குறைகள் என்று இரண்டு மூன்று உதாரணம் பார்ப்போம். 2019இல் ஹொண்டா கம்பனி இந்தியாவில் 50,034 வண்டிகளைத் திருப்பி அழைத்தது. ஆக்டிவா 125, கிராசியா, ஏவியேட்டர், சிபி ஷைன் ஆகியவற்றில் டிஸ்க் பிரேக் உள்ளவை. முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் குறை. பிரேக் கை இறுகும், பிரேக் விடாமல் உரசும், சில வேளை சில்லே இறுகிவிடலாம். 2021 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ரோயல் என்ஃபீல்ட் கம்பனி 236,966 மோட்டார் சைக்கிள்களை அழைத்தது. அது எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கும் கொயிலில் வந்த குறை. அத்தனையிலும் பாகம் மாற்ற வேண்டி வருவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று கம்பனியே சொன்னது. இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும், எந்தப் பத்து என்று வெளியில் இருந்து தெரியாதல்லவா? 2024இல் யமஹா கம்பனி பிரேக் லீவர் குறைக்காக இந்தியாவில் சுமார் 3 இலட்சம் 125 சிசி ஸ்கூட்டர்களை அழைத்தது.

இதை வாசித்துவிட்டு “நம்ம பைக்கும் அந்த மொடல்தானே” என்று பதற வேண்டாம். நாம் சொன்ன எண்ணிக்கைகளில் இலங்கை சேரவில்லை. அதோடு, ஒரே பெயரில் உள்ள எல்லா வண்டியும் லிஸ்டில் வருவதில்லை. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை பெக்டரியில் செய்யப்பட்டவை என்றுதான் கணக்கு. யமஹா ஸ்கூட்டர்களில் அது 2022 ஜனவரி 1 முதல் 2024 ஜனவரி 4 வரை. அதைக் காட்டிக் கொடுப்பது செஸி நம்பர் ஒன்றுதான். எழுத்தும் இலக்கமுமாகப் பதினேழு இருக்கும். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் வெட்டியிருக்கும். புக்கிலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த நம்பரை வைத்துக் கொண்டு நமது நாட்டு ஏஜன்டிடம், “இதற்கு ரீகோல் ஏதாவது இருக்கிறதா?” என்று போனிலேயே கேட்கலாம். பழைய பைக் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னரே கேட்பது நல்லது. இருக்கிறது என்று தெரிந்தும் ஏஜன்ட் இழுத்தடித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இனி கடிதத்துக்கு வருவோம். ஏஜன்ட் கடிதம் போடுவது தன்னிடம் உள்ள பெயருக்கும் விலாசத்துக்கும்தான். நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் ‘ஓபன் பேப்பர்’. விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி மடித்து வைத்துக் கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டுவது. பெயர் மாற்றினால் செலவு, கொழும்புக்கோ கண்டிக்கோ அலைய வேண்டும், அடுத்த வருசம் விற்கிற பைக்குக்கு எதற்கு இந்தத் தொல்லை என்ற எண்ணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மறுபடியும் திறக்கும் வரை புதுப் பைக் வரவில்லை. பழசுக்கு விலை ஏறி ஏறி, ஒரே பைக் மூன்று நாலு கை மாறியது. புக்கில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருக்கிறது. ஆகவே வாங்கியவுடன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றிக் கொள்ளுங்கள். விபத்து, இன்சூரன்ஸ், களவு என்று எது வந்தாலும் அந்தப் பெயர்தான் முதலில் கேட்கப்படும்.

நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. லயத்துக்கு வீட்டு நம்பர் இல்லாத இடங்களில் தபால் எல்லாம் கட்டாகத் தோட்டக் கந்தோருக்கு வருகிறது. அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. எனவே விலாசத்தில் டிவிஷன் பெயரையும் லயத்தையும் தெளிவாக எழுதுவதோடு, ஏஜன்டிடம் போன் நம்பரையும் கொடுத்து வையுங்கள். நம்பர் மாறினால் அதையும் சொல்ல வேண்டும்.

நமது கூட்டமொன்றில் ஒரு அண்ணன் எழுந்து கேட்டார்: “கம்பனிக்காரன் விட்ட பிழைக்கு நான் ஏன் ஒரு நாள் பேரை விட்டுப்புட்டு டவுனுக்குப் போகணும்?” நியாயமான கேள்வி. பாட்ஸ் இலவசம்தான், அந்த நாளின் சம்பளத்தை யாரும் தர மாட்டார்கள். அதை மறைத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை. ஆனால் ஆறு கிழமைச் சம்பளம் போன அம்மாவின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரி பைக் நாலைந்து பேரிடம் இருந்தால், டவுனில் சேர்விஸ் முகாம் வைக்கும்போது இதையும் பார்த்துத் தரும்படி ஏஜன்டைக் கேட்கலாம். சேர்ந்து கேட்டால் கேட்பார்கள்.

கம்பனியின் கடமை இவ்வளவு. அதற்காக எல்லா விபத்தையும் கம்பனியின் தலையில் கட்ட முடியாது. ஹரி ஹர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார். வண்டியின் பழுதால் நடந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானவை டயர் பஞ்சர். வேறு வாகனம் சம்பந்தப்படாமல் தனியாக விழுந்த விபத்துகளில், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டியவரின் பிழை. அது அந்த ஊர் ரோட்டுக் கணக்கு. நமது கல் ரோட்டுக்கும் பத்து வருசப் பழைய பைக்குக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் டயரையும் பிரேக்கையும் பார்ப்பது யாருடைய வேலை என்று அதிலிருந்து விளங்கும்.

மலையில் பைக் ஓட்டுவது பெரும்பாலும் இறக்கத்தில் நிறுத்தத் தெரிவதுதான். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டிக் கொண்டு இறங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகியவர்கள் இன்னும் விடவில்லை. இது மிக ஆபத்து. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூ சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிக்காமல் போகும். டிஸ்க் பிரேக்கானால் ஒயில் கொதித்து லீவர் கைக்குள் அமுங்கிவிடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும், நமது மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. விலை குறைவு என்று பெயர் தெரியாத பிரேக் சூ போடாதீர்கள்.

காலையில் பைக்கை எடுக்கும்போது நியூட்ரலில் வைத்து இரண்டடி தள்ளிப் பாருங்கள். லேசாக உருளாமல் கனத்தால் பிரேக் உரசுகிறது என்று அர்த்தம். டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், ஓடி வந்த சூட்டில் தோல் வெந்துவிடும். டயரில் காற்று, செயின் தொங்கல், பின் லைட் இவை ஒரு நிமிச வேலை. பின்னால் இருக்கும் பெண்கள் சேலைத் தலைப்பையும் சால்வையையும் இழுத்துச் செருகிக் கொள்ள வேண்டும். செயினில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

ஹெல்மட் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. போட்டவர்களுக்கு மரண ஆபத்து 42 வீதமும், தலைக்காய ஆபத்து 69 வீதமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் கண்டிருக்கிறார்கள். ஆனால் பொலிஸ் நிற்கும் சந்தி வரை ஹேண்டிலில் தொங்கும் ஹெல்மட்டால் தலைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தாடைப் பட்டியைப் பூட்டாவிட்டால் விழும்போது முதலில் பறப்பது அதுதான். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மட் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும்.

பெக்டரி வளைவில் விழுந்த தம்பி கம்பளைக்காரரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, இப்போது புக்கைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். பாட்ஸை மாற்ற அரை மணித்தியாலம்தான் ஆனதாம். அம்மா மறுபடியும் மலைக்குப் போகிறார். பைக்கில் ஏறுவதற்கு முன்னால், “எங்கே, இரண்டடி தள்ளிக் காட்டு” என்கிறாராம்.