வீட்டிலேயே கரும்புச்சாறு: முழுமையான வழிகாட்டி

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கரும்பு வயல் கண்ணில் படும். அரவைப் பருவத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்களில் கட்டுக்கட்டாகக் கரும்பு போகும். இருந்தும் சாற்றுக்கு மட்டும் கடையைத் தேடுகிறோம். கரும்பு பிழியும் மிஷின் இல்லாமலே வீட்டில் எடுக்கலாம். பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கரும்பின் கதை

1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் பருத்த கரும்பை நாணல் இனக் காட்டுக்கரும்போடு கலப்பினம் செய்தார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வயலுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் கோ 86032 ரகமும் அந்த நிலையம் தந்ததுதான்.

1. கரும்பைத் தேர்ந்தெடுங்கள்

அன்று வெட்டிய கரும்பாக வாங்குங்கள். அடிக்கரும்பில்தான் இனிப்பு அதிகம், நுனியை ஒதுக்குங்கள். பிளக்கும்போது உள்ளே சிவந்து புளித்த வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோய். தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

2. சாறு எடுங்கள்

ஒரு கிலோ கரும்பைக் கழுவித் தோல் சீவி, கணுக்களை வெட்டி எறியுங்கள். மிக்ஸி பிளேடு தாங்கும்படி பொடிப்பொடியாக நறுக்குங்கள். நகக்கண் அளவு இஞ்சியும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்து, விட்டுவிட்டு அரையுங்கள். சுத்தமான வெள்ளைத் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள்.

3. புளிப்பும் உப்பும் சேருங்கள்

அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். மெக்சிகோவின் மார்கரிட்டா என்னும் மதுக்கலவையில் டெக்கிலாவோடு எலுமிச்சைச் சாறும், கிளாஸ் விளிம்பில் உப்பும் சேர்வது சுவையைச் சமன்படுத்தத்தான். இங்கும் அதே கணக்கு: வெறும் சாறு இரண்டு மடக்கில் திகட்டும், புளிப்பும் உப்பும் சேர்ந்தால் டம்ளர் காலியாகும். எலுமிச்சையின் அமிலம் சாறு கறுப்பதையும் தாமதப்படுத்தும்.

4. உடனே குடியுங்கள்

காற்றுப் பட்டதும் சாற்றில் உள்ள நொதிகள் நிறத்தை மாற்றும். நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். ஐஸ் போடுவதானால் காய்ச்சி ஆறிய நீரில் உறைந்ததாக இருக்கட்டும்.

யாருக்கு வேண்டாம்?

நீரிழிவு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களுக்கும் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் போதும். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; பக்கத்து வீட்டுக்கு உடனே கொடுத்துவிடுங்கள்.