பூட்டிய ரௌட்டரும் டி.என்.எஸ். எண்ணும்

கேமரன் மலையில் கடை நடத்தும் நம் சகோதரர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "கம்பெனி கொடுத்த ரௌட்டர் பெட்டியில் டி.என்.எஸ். எண்ணை மாற்றினால் இன்டர்நெட் நன்றாக ஓடும் என்கிறார்களே, பெட்டியோ பூட்டியிருக்கிறதே, என்ன செய்வது?" என்பதே அது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் இன்று பாங்கிக் கணக்கு, கொள்முதல் ஆர்டர், கல்லாப்பெட்டிக்கு எதிரே ஒட்டிய கியூ.ஆர். அட்டை யாவும் அந்தச் சிறு பெட்டியை நம்பியே நடக்கின்றன. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

டி.என்.எஸ். என்பது யாது? ஹாபுவிலோ சுங்கை பாலாஸிலோ தேயிலைத் தோட்டத்தில் ஒருவரைத் தேடிப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆளின் பெயர் தெரியும். லயத்து எண் தெரியாது. ஆபீஸில் கிராணியைக் கேட்கிறோம். அவர் ஏட்டைப் பார்த்து, "ஐந்தாம் லயம், மூன்றாம் கதவு" என்கிறார். இன்டர்நெட்டிலும் இவ்விதமே. நாம் அடிப்பது பாங்கியின் பெயர். இயந்திரத்துக்கு வேண்டியது எண். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் கிராணிதான் டி.என்.எஸ். ஆதியில் இப்பெயர்கள் அனைத்தும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஏட்டில் இருந்தன. பெயர்கள் பெருகவே அந்த ஏடு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதைப் பல கிளைகளாகப் பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். அம்முறையே இன்றளவும் நடக்கிறது.

நாம் லைன் எடுக்கும்போது கம்பெனி தன்னுடைய கிராணியையே நமக்கு வைத்துவிடுகிறது. அவர் ஒழுங்காக இருக்கும்வரை நமக்கு ஒரு குறையும் இல்லை. சில வேளை அவர் சுணங்கிவிடுவார். பெட்டியில் விளக்குகள் எரியும். ஒரு பக்கமும் திறக்காது. நாமோ மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். உண்மையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. பிரௌசரில் முகவரி அடிக்கும் இடத்தில் 1.1.1.1 என்று மட்டும் அடித்துப் பாருங்கள். அது பெயரன்று, எண். ஆகவே கிராணியைக் கேட்கும் வேலை இல்லை. பக்கம் திறந்தால் லைன் உயிரோடிருக்கிறது, குற்றம் டி.என்.எஸ்.ஸில் இருக்கலாம். திறக்காவிட்டால் லைனிலேயே கோளாறு இருக்கலாம். லைனில் கோளாறு என்றால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. கம்பெனிக்குத்தான் தொலைபேசி போட வேண்டும். எண்ணை மாற்றினால் லைன் வேகம் இரட்டிப்பாகும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். பெயர் தேடும் நேரம் சற்றுக் குறையலாம். வாங்கிய வேகம் வாங்கிய வேகமே.

வேறு கிராணிகளும் உலகில் உள்ளனர். கூகிள் 2009-ல் வைத்தது 8.8.8.8. கிளவுட்ஃபிளேர் 2018-ல் வைத்தது மேலே சொன்ன 1.1.1.1. கேடு செய்யும் தளங்களின் பெயரைக் கேட்டால் முகவரி சொல்ல மறுக்கும் 9.9.9.9 என்பதும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 1.1.1.3 நல்லது; ஆபாசத் தளங்களையும் அது காட்டாது. இவை யாவும் இலவசம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். அதன் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். அதை பிரௌசரில் அடித்து, சீட்டில் கண்ட பாஸ்வேர்டைக் கொடுத்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். பல பெட்டிகளில் நமக்குக் கொடுப்பது வாடிக்கையாளர் சாவி மட்டுமே. எஜமான் சாவி கம்பெனி கையில். டி.என்.எஸ். எண் கண்ணுக்குத் தெரியும், கை வைக்க முடியாதபடி மங்கலாக இருக்கும். சிலவற்றில் மாற்ற இடங்கொடுத்தாலும், கம்பெனி தூரத்திலிருந்தே பெட்டியைப் புதுப்பிக்கும்போது பழைய எண் திரும்ப வந்துவிடும்.

நம் காசில் வந்த லைனுக்கு இவர்கள் ஏன் பூட்டுப் போட வேண்டும் என்று கோபம் வருவது இயல்பே. ஆனால் அந்தப் பூட்டினால் ஒரு காவலும் உண்டு. எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கூட்டத்தார் உலகெங்கும் சுமார் 40 இலட்சம் கம்ப்யூட்டர்களில் டி.என்.எஸ். எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றி, தங்கள் கிராணியை உட்கார வைத்தார்கள். பழைய பாஸ்வேர்டை மாற்றாத ரௌட்டர்களும் அதில் அகப்பட்டன. ஒரு கடையைத் தேடிப் போனவர் வேறு கடையில் நின்றார். விளம்பரக் காசு திருடர்களுக்குப் போயிற்று. 2011 நவம்பரில் அவர்கள் பிடிபட்டனர். திருட்டுக் கிராணியைத் திடீரென்று நீக்கினால் இலட்சக்கணக்கானோருக்கு இன்டர்நெட்டே நின்றுவிடும் என்பதால், கோர்ட்டு அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல கிராணியை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்தினார்கள். பாங்கிக்குப் போகும் வழியை ஒருவன் இப்படித் திருப்பினால் என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, "பூட்டை உடைத்துத் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடுங்கள்" என்று வருபவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். பின்புறத் துவாரத்தில் ஊசியைக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். லைனுக்குரிய பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோனால், மெக்கானிக் மலையேறி வரும்வரை கடை இன்டர்நெட் இல்லாமல் கிடக்கும்.

பெட்டியைத் தொடாமலேயே காரியம் ஆகும். ஐஃபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தொட்டு, டி.என்.எஸ். பகுதியில் 'மேனுவல்' என்று வைத்து, பழைய எண்ணை நீக்கிப் புதியதை எழுதலாம். கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் செட்டிங்ஸில் இதற்கு இடம் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று தேடுங்கள். அங்கே எண்ணை ஏற்காது, பெயர்தான் வேண்டும்: டி.என்.எஸ். என்ற மூன்றெழுத்து, ஒரு புள்ளி, கூகிள் என்ற சொல், இவ்வளவையும் ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடிக்க வேண்டும். வீடு முழுவதற்கும் வேண்டுமானால், சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கிக் கம்பெனிப் பெட்டியோடு கம்பியால் இணைத்து, அதில் எண்ணை எழுதிக்கொள்வதே சிறந்தது. பாங்கி அட்டை மெஷினை மட்டும் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஓடுகிற மெஷினை நாமாகத் தொந்தரவு செய்வானேன்?

இத்தனையும் செய்தாலும் பாதை கம்பெனியுடையது என்பதை நம் நாட்டிலேயே கண்டோம். வெளிக் கிராணியைக் கேட்கும் கேள்விகளையும் உள்நாட்டுக் கம்பெனிகளின் கிராணிகளிடமே திருப்ப வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2024-ல் கட்டளையிட்டது. கெடு செப்டம்பர் 30. 2018 முதல் 24,277 தளங்களைத் தடுத்திருப்பதாகவும், அவற்றில் சூதாட்டத் தளங்களே அதிகம் என்றும் ஆணையம் காரணம் கூறியது. கெடுவுக்கு முன்பே இரண்டொரு கம்பெனிகளில் இது நடைமுறைக்கு வந்தும்விட்டது. 8.8.8.8 என்று எழுதியிருந்தவர்களுக்குப் பதில் சொன்னவர் கம்பெனிக் கிராணி! பெரும் ஆட்சேபம் எழுந்தது. செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் கூறினார். சூதாட்டத் தளத்தை மூடுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. கேட்டவருக்குத் தெரியாமல் பதில் சொல்பவரை மாற்றுவதுதான் நமக்குச் சரியாகப் படவில்லை.

வெறும் எண்ணை எழுதும் முறையில் கேள்வி திறந்த தபால் கார்டுபோல் போகும். வழியில் யாரும் படிக்கலாம், பதிலையும் மாற்றலாம். 'பிரைவேட் டி.என்.எஸ்.' முறையில் அது முத்திரையிட்ட உறை. வழியில் வேறொருவர் தாமே அந்தக் கிராணி என்று சொல்லிப் பதில் கொடுத்தால் கைப்பேசி ஏற்காது. பக்கம் திறக்காமல் நிற்குமேயொழிய, வேறு வாசலுக்குக் கொண்டுபோகாது. கைப்பேசியிலேயே பாங்கி வேலை செய்பவர்கள் இம்முறையையே கைக்கொள்வது நலம்.

மாற்றுமுன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவையுங்கள். பிறகு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கொள்முதலுக்குப் போய், ஓட்டல் வைஃபையில் உள்ளே நுழையும் பக்கம் திறக்காமல் மக்கர் செய்தால், 'பிரைவேட் டி.என்.எஸ்.'ஸை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்து நுழைந்துகொண்டு, மலைக்குத் திரும்பியதும் மீண்டும் பெயரை எழுதிக்கொள்ளலாம்.