பிரசங்கம் போதாது: லண்டனில் சாப்ளின் வேலைக்குத் தயாராவது எப்படி?

ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் ஞாயிறு ஆராதனையில் மைக் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. என்ஹெச்எஸ் இன்டர்வியூ பேனல் முன்னால் உட்கார்ந்தால் அவர்களில் பலர் பத்தே நிமிடத்தில் திணறிவிடுவார்கள். உங்களுக்கான வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி, ஹாஸ்பிஸ் (சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இடம்), சிறை என மூன்று இடங்களிலும் சம்பளத்தோடு சாப்ளின், அதாவது ஆன்மிக ஆறுதல் தருகிறவர், வேலை உண்டு. ஒவ்வொரு சிறையிலும் ஒரு சாப்ளின் இருந்தாக வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். ஆஸ்பத்திரியில் சாப்ளின் சம்பளம் நர்ஸ்களுக்கு உள்ள அதே பே-ஸ்கேல்படிதான். 2025-26 கணக்கில் பேண்ட் 6 என்றால் 38,682 பவுண்டில் ஆரம்பம். இன்னர் லண்டன் என்றால் அதற்கு மேல் 20 சதவீத அலவன்ஸ் சேரும். பென்ஷனும் உண்டு. காணிக்கைப் பையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆசைப்படுவதில் கூச்சம் வேண்டாம்.

1. முதலில் மார்க்கெட்டைப் புரிந்துகொள்ளுங்கள். 2021 சென்சஸ்படி லண்டன்வாசிகளில் கிறிஸ்தவர்கள் 40.7 சதவீதம்தான். நீங்கள் வார்டில் சந்திக்கிறவர்களில் பெரும்பாலோர் உங்கள் வேதத்தைத் திறக்காதவர்களாக இருப்பார்கள். சம்பளம் பொதுப்பணம், ஆகவே சேவையும் எல்லோருக்கும். ‘நாத்திகர் ஒருவர் சாகக் கிடக்கிறார், என்ன செய்வீர்கள்?’ என்று பேனலில் கேட்டால், ‘சுவிசேஷம் சொல்வேன்’ என்ற பதிலோடு உங்கள் ஃபைல் மூடப்படும். டார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், எச்சரித்த பிறகும் நோயாளிகளிடம் மதம் பேசினார் என்று 2016இல் வேலை இழந்தார். பணிநீக்கம் செல்லும் என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாப்ளினுக்கு இன்னும் அதிகம் எச்சரிக்கை தேவை. மதம் பற்றிப் பேச அவருக்கு அனுமதி இருப்பதால், தவறாகப் பேசவும் வாய்ப்பு அதிகம்.

2. காது கொடுப்பது ஒரு ஸ்கில். இந்தத் துறையில் தெரிந்திருக்க வேண்டிய பெயர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, ஆஸ்பத்திரி சமூகசேவகராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், ஆத்துமா எல்லாவற்றிலும் சேர்ந்தே இருக்கிறது என்பது அவர் கண்டது. அதை ‘டோட்டல் பெயின்’ என்றார். இன்டர்வியூவில் அவர் பெயரைச் சொல்வதால் மட்டும் மார்க் விழாது. ஒரு நோயாளியிடம் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்த ஓர் உதாரணம் வேண்டும்: சூழ்நிலை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது. அடையாளம் தெரியாதபடி சொல்லுங்கள். அப்படி உதாரணம் இல்லையென்றால், உங்கள் ஏரியா ஆஸ்பத்திரியில் சாப்ளின்சி வாலன்டியராகச் சேருங்கள். குறுக்கு வழி தேடாதீர்கள்.

3. ஜெபக் குறிப்பு. நம் சபைக்காரர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான் என்பது என் கணிப்பு. ‘இன்னார் அங்கிளுக்கு இன்ன கேன்சர், இன்ன வார்டு, பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது நமக்கு அன்பு. ஆஸ்பத்திரிக்கு அது டேட்டா பிரீச். நோயாளியின் உடல்நிலை பற்றிய தகவல் சட்டப்படி தனிப் பாதுகாப்பு பெற்றது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முந்நூறு பேர் உள்ள தமிழ்ச் சபையில் ‘நார்த்விக் பார்க்கில் இருக்கும் ஒரு சகோதரி’ என்றாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு உறவுக்காரர்களே போன் போட்டு, ‘பாஸ்டர், அக்காவுக்கு என்னன்னு டாக்டர் சொல்றார்?’ என்று கேட்பார்கள். ‘அதை அக்காகிட்டயே கேளுங்கம்மா, நான் சொல்ல முடியாது’ என்று முகம் கோணாமல் சொல்ல இப்போதே பழகுங்கள். பேனலில் இந்த உதாரணத்தை நீங்களாகவே எடுத்துப் பேசினால் தனியாகத் தெரிவீர்கள். கூடவே டாக்குமென்டேஷனும் பழகுங்கள். செயின்ட் தாமஸ், கிங்ஸ் ஆஸ்பத்திரிகள் 2023 அக்டோபரில் எபிக் என்ற ரெக்கார்டு சிஸ்டத்துக்கு மாறிவிட்டன. பார்த்த நேரம், தேவை, அடுத்த நடவடிக்கை: மூன்று வரியில் எழுதத் தெரிய வேண்டும். பாவ அறிக்கையின் விவரம் அங்கே வரக்கூடாது. ஆபத்துக்கான அறிகுறி தெரிந்தால் கட்டாயம் வர வேண்டும்.

4. சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகளையும் பலவீனரையும் பாதுகாக்கும் முறை, தெரியாதவர் தலைவராக முடியாது. அப்போதைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் ராஜினாமாவை அறிவித்தார். ஜான் ஸ்மைத் என்பவர் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் செய்த கொடுமைகள் பற்றி 2013இலேயே வெல்பி போலீசுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கவும் வேண்டும் என்று அதை விசாரித்த மேக்கின் அறிக்கை முடிவுசெய்த சில நாளில் அது நடந்தது. குற்றம் செய்தவர் வேறொருவர். பதவி போனது, தகவல் தெரிந்தும் போதுமான அளவு தொடராதவருக்கு. ‘மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்’ என்ற பதில் இனி எந்த மட்டத்திலும் எடுபடாது. 2022 முதல் சட்டமும் இறுகியிருக்கிறது: 16, 17 வயதுப் பிள்ளைகளை வழிநடத்தும் மதத் தலைவர், அவர்கள் சம்மதித்தாலும், பாலுறவு வைத்தால் குற்றம். வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள் சேஃப்கார்டிங் சர்டிஃபிகேட்டை சிவியின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். ‘எனக்கு மேல் கர்த்தர் மட்டும்தான்’ என்கிற பாஸ்டரை எந்த என்ஹெச்எஸ் ட்ரஸ்ட்டும் எடுக்காது. உங்களை யார் சூப்பர்வைஸ் செய்கிறார், யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறீர்கள் என்று பெயரோடு சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு.

5. பேப்பர் வேலை. உங்கள் சபைப்பிரிவின் அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள். தனிச் சபை நடத்துகிறவர்களுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை, ஃப்ரீ சர்ச்சஸ் குரூப்பை முன்கூட்டியே அணுகுங்கள். என்ஹான்ஸ்டு டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) கட்டாயம். யூகே போர்டு ஆஃப் ஹெல்த்கேர் சாப்ளின்சி பதிவேட்டுக்கு 2017 முதல் அதிகாரபூர்வ அங்கீகாரம் உண்டு. அதில் பெயர் இருந்தால் போட்டியில் முன்னால் நிற்பீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரிலிஜியஸ் ஒர்க்கர் விசாவில் சபையின் போதகராகப் பணியாற்ற 2019 ஜனவரி முதல் அனுமதி இல்லை. அதற்கு மினிஸ்டர் ஆஃப் ரிலிஜியன் விசாவும் பி2 அளவு ஆங்கிலமும் வேண்டும்.

6. நர்ஸாக இருக்கிறீர்களா? வேலையை விட அவசரப்படாதீர்கள். சாரா முல்லாலி செயின்ட் தாமஸில் பயிற்சி பெற்ற நர்ஸ். 1999இல் இங்கிலாந்தின் தலைமை நர்சிங் அதிகாரி ஆனார். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 2001இல் டீக்கனாகப் பட்டம் பெற்று, பேட்டர்சியில் சம்பளமில்லாத உதவி குருவாகச் சேவை செய்தார். 2018இல் லண்டன் பிஷப். 2025 அக்டோபரில் கேன்டர்பரி பேராயராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது, அந்தப் பதவிக்கு முதல் பெண். வார்டு அனுபவத்தை சிவியில் ஒளித்து வைக்காதீர்கள், அதுதான் உங்கள் துருப்புச் சீட்டு.

கடைசியில் பேனல், ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ‘இல்லை, நன்றி’ என்று எழுந்து வராதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரி ஆன்-கால் மாதத்துக்கு எத்தனை? குழந்தை இறந்த கேஸ் முடிந்து வரும் காலையில் சாப்ளினோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்? இரண்டாவதற்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வேறு ஆஸ்பத்திரியிலும் அப்ளை செய்து வையுங்கள்.