திருப்பருத்திக்குன்றக் கல்வெட்டாய்வும் லினக்ஸ் தளத்தின் அடிப்படை மென்பொருள்களும்

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சமணக் காஞ்சி எனப் போற்றப்படுவது. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் விசயநகர அமைச்சர் இருகப்பரின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. மகேந்திரமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்த செய்தியைக் கூறும் 1382ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் அமைந்தது. மண்டபம் எடுப்பித்த செய்தியைக் கூறும் 1387-88ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் செய்யுள். ஒரே கோயிலில் காணப்படும் இவ்விரு எழுத்து வடிவங்களையும் பிழையின்றிக் கணினியில் பதிவதற்கு, லினக்ஸ் தளத்திற்குப் புதிதாக வரும் ஆய்வாளருக்கு இன்றியமையாத மென்பொருள்கள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உள்ளீடும் எழுத்துருவும்

முதலில் தேவைப்படுவது ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகமும் அதனுடன் இயங்கும் எம்17என் தொகுப்பும் ஆகும். இத்தொகுப்பில் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகள் அடங்கியுள்ளன. ஆகவே, தளம் மாறினாலும் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

கிரந்தத்திற்குத் தனி ஏற்பாடு தேவை. வடமொழியின் நான்கு ககரங்களையும் தமிழின் ஒரே ககரத்தால் எழுதினால் மூலத்தின் எழுத்து வேறுபாடு மறைந்துவிடும். அதனை மீட்க இயலாது. ஒருங்குறியில் கிரந்தத்திற்குத் தனித் தொகுதி 2014இல் வெளியான 7.0ஆம் பதிப்பில் இடம்பெற்றது. நோட்டோ கிரந்த எழுத்துருவை நிறுவாவிடில் அவ்வெழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றக்கூடும். தேவநாகரியில் உள்ள பாடத்தைக் கிரந்தமாக மாற்ற அட்சரமுகம் என்னும் எழுத்துமாற்றுக் கருவி உதவும்.

பாடப்பதிவு

ஆவணம் உருவாக்க லிப்ரெஆபிஸ் போதுமானது. அதில் இந்திய மொழிகளுக்கான எழுத்துரு தனியே வரையறுக்கப்படுகிறது. இதனை அறியாத புதியவர், எழுத்துருவை மாற்றியும் தமிழ் வடிவம் மாறவில்லையே எனத் திகைப்பர். கல்வெட்டுகளில் புள்ளி இடாமல் எழுதுவதும் எகர ஏகார வேறுபாடு காட்டாமையும் பெருவழக்கு. எனவே, பாடம் பதியும்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். கல்லில் உள்ளவாறு ஒரு கோப்பும், பதிப்பாசிரியர் திருத்தியவாறு மற்றொரு கோப்பும் பேணுவது தக்கது.

பழைய தரவுகள்

ஒருங்குறிக்கு முந்தைய குறியாக்கங்களில் தட்டச்சான ஆய்வேடுகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும். திஸ்கிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற ஓபன்-தமிழ் நிரல் தொகுப்பு பயன்படும். அச்சு நூல்களைப் படித்தறிய டெசராக்ட் உதவும். ஆனால், அச்செழுத்துக்காகப் பயிற்றப்பட்ட அதனைக் கல்வெட்டு மசிப்படிகளுக்கு நம்ப இயலாது. மேலும், ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் பதிய ஒருங்குறி இடமளிக்கிறது. இவற்றை ஒருசீராக்கிய பின்னரே சொல்லடைவு உருவாக்க வேண்டும். இல்லையெனில், ஒரே சொல் இரு சொற்களாக எண்ணப்படும்.

முடிவுரை

மேற்கண்ட மென்பொருள்கள் யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை. எனினும், மூல எழுத்தின் வேறுபாட்டைக் காக்கும் திறனே ஒரு கருவியைத் தேர்வதற்கான அளவுகோலாதல் வேண்டும். கல்லில் ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து நின்ற எழுத்து, கணினிக்கு மாறும்போது சிதையாமல் காப்பது ஆய்வாளரின் கடமையாகும்.